பறக்கிறவனுக்கு நெய்த பட்டு

நம் பள்ளிக்கூடத்துப் பெண்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்தச் சினிமாக் கொட்டகையில் இருந்தீர்கள். இல்லை என்று சாதிக்காதீர்கள். பெண்கள் பக்கத்தில் எனக்கு முன்னால் பாவாடையில் வேர்க்கடலையைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் யார் என்றுகூட எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். இப்போது அவளுக்குச் சர்க்கரை, கடலையைக் கண்டாலே கும்பிடு போடுகிறாள்.

இத்தனை வருஷத்தில் நாம் கூடிப் பேசாத கதை இல்லை. கணக்கு டீச்சரின் கொண்டையிலிருந்து யார் வீட்டு மருமகள் யாரை என்ன சொன்னாள் என்பது வரைக்கும் பேசியாகிவிட்டது. அந்தப் படத்தை மட்டும் என் எதிரில் யாரும் எடுத்ததில்லை. என் மனசு நோகக்கூடாது என்றுதான். புரியாமல் இல்லை. ஆனால் போன மாதம் நான் இன்னொரு படம் பார்த்தேன். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

அந்த வருஷம் அப்பா முதலாளியிடமிருந்து விலகியிருந்தார். நம்மில் நெசவு வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலாளி பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழை, கொடுப்பார், பட்டு கொடுப்பார், ஜரிகை கொடுப்பார். நாம் நெய்து சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கி வருவோம். கடையில் தொங்கும்போது அது முதலாளி வீட்டுச் சேலை. அப்பாவுக்கு அது ஆகவில்லை. சொந்தமாகப் பட்டு வாங்கி, சொந்தமாக நெய்து, சொந்தப் பேரில் விற்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

அம்மா முதலில் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பேரை வச்சிக்கினு இன்னா பண்றது? குழம்புல போட்டு கொதிக்க வைக்கிறதா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டவள்தான் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா கையில் வைத்துவிட்டு, "ஒரு தபா நெனைச்சா நெனைச்சதுதான். திரும்பி அந்த ஆளு வாசல்ல போய் நிக்கக் கூடாது" என்றாள். அப்பா சரி என்று தலையாட்டினார்.

தெருமுனையில் தையல்கடை வைத்திருந்த பாயை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். நம் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்து ஜாக்கெட் தைத்தவர். கழுத்தளவு எடுக்கும்போது டேப் கூசும் என்று நாம் சிரிப்போம். அப்பாவுக்கு அவர் தோஸ்து. எனக்கு அவர் பாய் மாமா. ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் படம் பிடிக்க மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்திறங்கியபோது, அதன் மேனேஜர் ஏதோ கால்சட்டை தைக்க வேண்டி இவர் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, கதாநாயகன் ஆகாயத்தில் பறக்கிறவன், முதுகில் தொங்கவிட நல்ல சிவப்புத் துணி வேண்டும் என்றார். பாய் மாமா அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே அவரை எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார்.

"காஞ்சிபுரத்துப் பட்டு போட்டுக்கினு பறக்கிறார்னு விளம்பரம் பண்ணிடலாம்" என்றார் மேனேஜர். "படம் ஆரம்பத்துல உங்க பேரையும் போட்டுடறோம்."

அப்பா வேறு ஒன்றையும் கேட்கவில்லை. திரையில் தன் பேர் வந்தால் மெட்ராஸ் கடைக்காரர்கள் நேராக நம் வீட்டுக்கே வருவார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மேனேஜர் போனதும் அம்மாவைப் பார்த்து, "பாத்தியா?" என்றார். அம்மா சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

பாவு நீட்டிய காலையும் எனக்கு மறக்கவில்லை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சிவப்பு இழை. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஒரு கை கொடுத்தார். ஈரப் பட்டின் வாடையும் இழைக்குத் தடவிய கஞ்சியின் புளிப்பும் சேர்ந்து ஒரு மணம் வரும், உங்களுக்குத் தெரியும். பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்து போனார். அறுந்த இழையை முடிந்தவர்கள் எல்லாரும், "நம்ம துணி சினிமாவுல வரப்போவுது" என்றுதான் சொன்னார்கள். உங்க துணி என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது அப்பா செய்த காரியத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பட்டை எப்படிப் பார்ப்பார்கள்? இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பார்ப்பார்கள். வாங்கியவுடன் கை கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் கல்யாண வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிடும். இறங்காவிட்டால் அது பட்டா, பஞ்சு மிட்டாய் சுற்றுகிற காகிதமா? கனம்தான் மரியாதை. அப்பாவுக்கு அதுதான் தெரியும், அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் அதுதான் தெரியும். அதனால் பறக்கிறவனுக்கு அவர் ஊரிலேயே கனமான பட்டை நெய்தார். இழையைக் கூட்டிப் போட்டார். இரண்டு பக்கமும் பச்சையில் அகலக் கரை, கரை முழுக்கக் கோபுரம். நடு முதுகில், பறக்கிறவன் ஆச்சே என்று, ஜரிகையில் இருதலைப் பட்சி ஒன்று. அதன் றெக்கை மட்டுமே என் இரண்டு கையையும் விரித்த அகலம் இருக்கும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை இழை எடுத்துக் கொடுப்பாள். இரண்டு பேரும் பேசாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

பாய் மாமா தைக்க எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஓடி வந்தார்.

"அண்ணே, இவ்ளோ அழகா நெய்ஞ்சிட்டு உள்பக்கம் சும்மா வுட்டா அசிங்கமா இருக்குதுண்ணே. நான் வெல்வெட் குடுக்கிறேன். என் செலவு."

"வேணாம் பாய், உனக்கு எதுக்கு?"

"எனக்கு எதுக்கா? ராஜா மாதிரி ஒருத்தன் போட்டுக்கினு ஆகாசத்துல போறான். கீழேர்ந்து பாக்கிறவனுக்கு உள்பக்கம்தானே தெரியும்?"

இந்த நியாயம் அப்பாவுக்கும் பிடித்துப்போனது. வெல்வெட்டும் வந்து சேர்ந்தது. தைத்து முடித்ததும் என்னைக் கூடத்தில் நிற்க வைத்துத் தோளில் போட்டுப் பார்த்தார்கள். எனக்கு முட்டி மடங்கிவிட்டது. பொத்தென்று உட்கார்ந்தேன். அவ்வளவுதான், அப்பாவும் பாய் மாமாவும் கை தட்டினார்கள். "பார்றா, பார்றா, புள்ள நிக்க முடியல!" என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் வேடிக்கை பார்த்தவர்களும் கை தட்டினார்கள். இவ்வளவு பேரில் ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்காவது, இது எப்படிப் பறக்கும் என்று தோன்றியிருக்கக் கூடாதா? தோன்றவில்லையே!

படப்பிடிப்புக்கு அப்பா சைக்கிளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் இல்லாத பாலாறு, கண்ணைக் கூச வைக்கும் மணல். டீசல் புகை கக்கிக்கொண்டு ஒரு ராட்சத விசிறி நின்றது. எங்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். விசிறியைப் போட்டதும் மணல் பறந்தது, ஒருத்தர் தொப்பி பறந்தது, கதாநாயகனின் டோப்பா பறந்தது. அப்பா நெய்த பட்டு அப்படியே நின்றது. டைரக்டர் ஏதோ கத்தினார். நாலு ஆட்கள் அதன் ஓரங்களில் நைலான் கயிற்றைக் கட்டிப் பின்னாலிருந்து இழுத்தார்கள். கதாநாயகனுக்குக் கழுத்து நெறிபட்டு இருமல் வந்துவிட்டது.

"ஏம்பா இழுக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"சினிமான்னா அப்படித்தான்மா. நமக்கு இன்னா தெரியும்?" என்றார் அப்பா.

கிளம்பும்போது மேனேஜர் வந்து, துணி அருமை, கண்டிப்பாகப் படத்தில் வரும் என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. வரத்தான் வந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். தறி காலியாகக் கிடந்தது. கையில் இருந்த பட்டெல்லாம் அந்தச் சிறகுக்கே போய்விட்டது. முதலாளியின் ஆள் இரண்டொரு தடவை வந்து, "பாவு எடுத்துக்கினு வரட்டா?" என்று வாசலில் நின்று கேட்டான். அப்பா படம் வரட்டும் என்றார். அம்மா அடுத்த வீட்டாருக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். குழம்பு தண்ணீரானது, பிறகு குழம்பே நின்று கஞ்சியும் ஊறுகாயும் ஆனது. கைக்குழந்தையாக இருந்த தம்பிக்குப் பால் மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது. பாய் மாமாதான் வாங்கிக் கொடுத்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

படம் நம் ஊர்க் கொட்டகைக்கு வந்த அன்று தெருவே கிளம்பியது. பாவுக்குக் கை கொடுத்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லை. அம்மா கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அந்தக் கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று இருக்குமே, அதற்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் தம்பியும். அந்தப் பக்கம் பெஞ்சில் அப்பாவும் பாய் மாமாவும். அவர்கள் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்னால் நாற்காலியில் முதலாளி வந்து உட்கார்ந்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

பேர் போட்டார்கள். அப்பா பேர் வரவில்லை. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசி எழுத்து மறைகிற வரைக்கும் தேடினாள்.

படம் எப்படி என்று கேட்காதீர்கள். கண்றாவி. வில்லனுக்கு வில்லன் என்றே தெரியவில்லை. சண்டை வருகிற இடத்தில் தூக்கம் வந்தது, சிரிக்க வேண்டிய இடத்தில் கொட்டாவி வந்தது. கதாநாயகன் பறந்தான், கம்பி தெரிந்தது. அவன் முதுகில் படபடத்தது ஏதோ ஒரு நைலான் துணி. இடைவேளையில் பாய் மாமா சுவரோரம் வந்து, "அண்ணி, ரெண்டாவது பாதியில வரும் அண்ணி" என்றார்.

வந்தது. காமெடியன் ஒருத்தன் கதாநாயகனின் சக்தியைத் திருடப் போய், அவசரத்தில் வேறு அங்கியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். அப்பாவின் பட்டு. பட்சி திரை முழுக்கத் தகதகவென்று வந்தது. அம்மா என் தொடையை அழுத்திப் பிடித்தாள். அவன் பாறைமேல் ஏறிக் கையை நீட்டிக் குதித்தான்; துணி அவனை அப்படியே கீழே இழுத்து எருக்குழியில் போட்டது. கொட்டகை அதிர்ந்தது. சுவரில் ஏறினான், துணி இழுத்து மல்லாத்தியது. ஓடினான், தானே மிதித்துக் குப்புற விழுந்தான். கடைசியில் வெறுத்துப்போய் அதைக் கழற்றி ஒரு எருமையின்மேல் போட்டான், எருமை உட்கார்ந்துவிட்டது. அத்தனை நேரம் செத்துக் கிடந்த படத்துக்கு அங்கேதான் உயிர் வந்தது. விசில் பறந்தது.

நம் தெரு மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் உட்கார்ந்த இடம் மட்டும் கல்லாகக் கிடந்தது. கடலைக்காரி கடலையை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டாள். எல்லாரும் அப்பாவின் முதுகைப் பார்த்தார்கள். முதலாளியும் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

அப்போது அப்பா சிரித்தார். சத்தமாக. வீட்டில் அவர் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கச் சிரிக்கிறவர். அன்றைக்குக் கொட்டகை முழுக்கக் கேட்கச் சிரித்தார். "போச்சுடா எருமை!" என்று கத்திக்கூடச் சொன்னார். முதலாளி முகம் இளகி அவரும் சிரித்தார். பிறகு நம் தெருவும் தயங்கித் தயங்கிச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். தப்பில்லை, அவர்தானே ஆரம்பித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அப்பா குளித்து, விபூதி பூசிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். திரும்பும்போது தோளில் பாவு இருந்தது. அதற்குப் பிறகு கண் தெரிகிற வரைக்கும் கூலித் தறிதான்.

அன்றைக்குச் சாயங்காலம் பாய் மாமா வீட்டுக்கு வந்தார். "அண்ணி, அண்ணன் மேல கோச்சிக்காதீங்க. நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல" என்று ஆரம்பித்தார். அம்மா பேசவிடவில்லை.

"இன்னா பாய் இல்ல? நான் பட்டினி கெடக்கத் தயாரா இருந்தேன். ஊரே சிரிச்சிட்டுப் போவட்டும், நாம நெய்வோம்னு இருந்தேன். இந்த மனுஷன் சிரிச்சிட்டாரே. நானும்தானே கூட உக்காந்து இழை எடுத்தேன்?"

பாய் மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய முன்கையில் சிவப்பாக நாலைந்து கீறல்கள், சில இடத்தில் தோல் பிய்ந்திருந்தது. "இன்னா மாமா கையில?" என்று கேட்டேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சும்மா" என்றார். நான் நம்பினேன். சின்னப் பிள்ளை, அதுவும் தையல்காரர் கை.

அந்தப் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பட்டைத் திருப்பிக் கேட்கலாம் என்று பாய் மாமா மெட்ராஸ் போய்ப் பார்த்தார். கம்பெனி இருந்த மாடியில் வேறு யாரோ இருந்தார்களாம். அந்தப் பட்சி எங்கே போயிற்றோ, யாருக்குத் தரை துடைத்ததோ. அம்மா கடைசி வரைக்கும் அப்பாவுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருந்தாள். ஆனால் அவர் நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுக்க மட்டும் மறுபடி உட்காரவேயில்லை. கூலிக்கு வேறு ஆள் வந்தது. அப்பா போன பிறகும் யாராவது அவரைப் புகழ்ந்தால், "நல்ல மனுஷன்தான், ரோஷம்தான் கிடையாது" என்பாள். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டு இந்த வயசுக்கு வந்துவிட்டேன்.

இப்போது போன மாதத்துக் கதை. அந்தக் கைக்குழந்தைத் தம்பி ஏனாத்தூர் காலேஜில் ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆகப் போகிறான். அவன் பெண் சென்னையில் சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைகிற கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? துணி. ஆட்கள் போட்டிருக்கிற துணி காற்றில் ஆடுவதைச் செய்வது. போன வருஷம் வந்து, "அத்தை, உன் பட்டுப் புடவை ஒண்ணு எடுத்துக்கினு மாடிக்கு வாயேன்" என்றாள். நான் ஒரு முனையைப் பிடித்து உதற, அவள் போனில் படம் எடுத்தாள். "இன்னா அத்தை இது, ஆடவே மாட்டேங்குது!" என்று சலித்துக்கொண்டாள். சூப்பர்ஹீரோ படமாம், முதுகில் சிவப்புத் துணியாம். நான் புடவையை மடித்தேன்.

அந்தத் துணிக்காக அவள் ஒரு வருஷம் தூங்கவில்லை. இந்தப் படம் ஓடினால்தான் அவள் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று தம்பி சொல்லியிருந்தான். அதனால் குடும்பமாகச் சென்னைக்குப் போனோம். அவள் பக்கத்து சீட்டில் நான். படம் வெளங்கவில்லை. அடிதடியும் இல்லை, காமெடியும் இல்லை, என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் வானத்தில் எழும்பி அந்தச் சிவப்புத் துணி விரிந்தபோது முன்வரிசைப் பையன் ஒருத்தன், "டேய், கேரி பேக் பறக்குதுடா!" என்று கத்தினான். தியேட்டரே கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு அந்தத் துணி வந்தபோதெல்லாம், "கேரி பேக்! கேரி பேக்!"

நாங்கள் சிரிக்கவில்லை. தம்பி மூச்சு விடவில்லை. அவன் மனைவி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் எல்லார் கண்ணும் மெல்ல அந்தப் பெண் பக்கம் திரும்பியது.

அப்போது அவள் சிரித்தாள். சத்தமாக, எல்லாருக்கும் கேட்க. "சூப்பர்டா! கரெக்டா சொன்னான் பாரு அத்தை, கேரி பேக்கேதான்!" என்றாள். தம்பிக்கு மூச்சு வந்தது. அவன் மனைவி சிரித்தாள். எங்கள் எல்லாராலும் சிரிக்க முடிந்தது.

அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. சிரிக்கச் சிரிக்க அந்தப் பிடி இறுகியது. நகம் உள்ளே இறங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் கையை இழுக்கவில்லை. படம் முடிந்து விளக்குப் போடுகிற வரைக்கும் அவள் விடவும் இல்லை. அந்த நேரம் முழுக்க நான் திரையைப் பார்க்கவில்லை. அந்த இடுப்பளவுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. ஐயோ அம்மா, உன்னை யார் இந்தப் பக்கம் உட்காரச் சொன்னது?

வெளியே வந்து காருக்குக் காத்திருந்தபோது அந்தப் பெண் கொஞ்சம் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். தம்பி என்னிடம் மெதுவாக, "பரவால்லக்கா, அவ லைட்டா எடுத்துக்கினா. நான்தான் பயந்துட்டேன்" என்றான். பேசிக்கொண்டே என் கையைப் பார்த்துவிட்டான்.

"இன்னாக்கா இது? ரத்தம் கட்டிக்கினு இருக்குது?"

நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லடா. இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சு" என்றேன்.